உயிர்காக்கும் கருவிகளில் நிகழ்நேர இயங்குதளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலருகே கம்பத்தில் மாட்டியிருக்கும் சிரிஞ்ச் பம்ப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். 50 மில்லி ஊசிக்குழாயை ஒரு சிறிய மோட்டார், மணிக்கு இத்தனை மில்லி என்ற கணக்கில் மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி), சில நூறு கிலோபைட் நினைவகம், பெரும்பாலும் ஓர் ஆர்.டி.ஓ.எஸ்., அதாவது நிகழ்நேர இயங்குதளம். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் அந்தப் பம்ப்பையே எடுத்துக்கொள்கிறேன். விமானமோ காரோ என்றாலும் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

நிகழ்நேரம் என்றால் மிக வேகம் என்று பொருளா?

இல்லை. ஒரு வேலை இத்தனை நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதுதான் நிகழ்நேரம். சராசரியாக 1 மில்லிவிநாடியில் முடித்துவிட்டு எப்போதாவது 200 மில்லிவிநாடி இழுத்தடிக்கும் அமைப்பு எங்களுக்கு வேண்டாம். எப்போதும் 8 மில்லிவிநாடி எடுத்துக்கொள்ளும் அமைப்பு போதும். ஒரு நாள் பறந்து, மறுநாள் நடுவழியில் நிற்கும் எக்ஸ்பிரஸைவிட, தாமதமே ஆகாத பாசஞ்சர் ரயில் மேல்.

கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த வசதியைச் சேர்த்த பிறகும், மிக மோசமான தருணத்தில் என்ன நடக்கும் என்று என்னால் தாளில் எழுதிக் காட்ட முடியுமா? முடியாதென்றால், அந்த வசதி எவ்வளவு அழகானதாக இருந்தாலும் பம்ப்புக்குள் வராது.

எல்லாக் கருவிக்கும் இயங்குதளம் வேண்டுமா? ஒரே முடிவற்ற சுற்று போதாதா?

பல கருவிகளுக்குப் போதும். சென்சாரைப் படி, கணக்குப் போடு, மோட்டாரை நகர்த்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கு. வெப்பமானிக்கும் எளிய அலாரப் பெட்டிக்கும் இதுவே சிறந்த வடிவமைப்பு. ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அளக்கலாம். இரண்டு வேலைகள் ஒரே மாறியைப் பிடித்து இழுக்கும் வம்பே இல்லை.

திரையும் தொடர்பும் வந்து சேரும்போதுதான் சிக்கல். திரையில் ஒரு வரைபடம் வரைய 30 மில்லிவிநாடி ஆகிறது. அழுத்த சென்சாரையோ 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை படிக்க வேண்டும். திரை வேலையை மூன்று நான்கு துண்டுகளாக நறுக்கிச் சுற்றுக்குள் செருகிப் பார்ப்பீர்கள். பிறகு பேட்டரிக் கணக்கு வரும், செவிலியர் நிலையத்தோடு பேசும் வேலை வரும். நறுக்கிய துண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பதிலேயே பொழுது போகிறது என்று தோன்றும் நாளில் ஆர்.டி.ஓ.எஸ். பக்கம் திரும்புங்கள். அதற்கு முன் வேண்டாம்.

டாஸ்க்குகளை, அதாவது இயங்குதளம் மாற்றி மாற்றி ஓட்டும் தனித்தனி வேலைகளை, எப்படிப் பிரிப்பது?

புதியவர்கள் கருவியின் பாகங்களைப் பார்த்துப் பிரிப்பார்கள்: பொத்தானுக்கு ஒரு டாஸ்க், திரைக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. பத்துப் பதினைந்து சேர்ந்துவிடும். நான் கெடுவைப் பார்த்துப் பிரிக்கச் சொல்வேன். ஒரே கால இடைவெளியில் நடக்க வேண்டிய வேலைகள் ஒரே டாஸ்க்கில் வரிசையாக நடக்கட்டும். சிரிஞ்ச் பம்ப்புக்கு நான்கைந்து டாஸ்க் தாராளம். டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக், அதாவது அதன் தற்காலிகக் கணக்குகளுக்கான நினைவகம், வேண்டும், மற்றவற்றோடு பேசத் தனி ஏற்பாடு வேண்டும். அந்த இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு பிழை குடியிருக்கக்கூடிய இடம்.

முக்கியமான வேலைக்கு அதிக முன்னுரிமை கொடுப்பதுதானே சரி?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. முன்னுரிமை அந்த வேலைக்குத் தரும் மரியாதை அல்ல. யார் யாரைக் காக்க வைக்கலாம் என்ற ஏற்பாடு. 1973இல் லியு, லேலண்ட் என்ற இருவர் எழுதிய கட்டுரை இதைக் கணிதமாகவே காட்டிவிட்டது: எந்த டாஸ்க் அடிக்கடி வர வேண்டுமோ அதற்கே உயர்ந்த முன்னுரிமை. ரேட் மோனோடானிக் என்று இதைச் சொல்கிறோம்.

பம்ப்பில் போட்டுப் பாருங்கள். அழுத்தம் படிக்கும் டாஸ்க் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வந்து 2 மில்லிவிநாடி ஓடுகிறது; செயலியின் 20 சதவீதம். மருந்தளவுக் கணக்கு 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வந்து 4 எடுக்கிறது. இன்னொரு 20 சதவீதம். திரை 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, 30 எடுக்கிறது, 30 சதவீதம். மொத்தம் 70. மூன்று டாஸ்க்குக்கு அந்தக் கட்டுரை தரும் வரம்பு சுமார் 78 சதவீதம். ஆகவே எந்த டாஸ்க் எந்த நொடியில் கிளம்பினாலும் யாரும் கெடுவைத் தவறவிட மாட்டார்கள். சோதித்துப் பார்க்கும் முன்பே இதைச் சொல்லிவிடலாம். டாஸ்க்குகள் கூடக்கூட இந்த வரம்பு இறங்கி 69 சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதைத் தாண்டினால் கட்டாயம் கெடு தவறும் என்று பொருளல்ல. தனியாகக் கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும் என்று பொருள். டாஸ்க்குகள் ஒன்றையொன்று பூட்டிக் காக்க வைக்கவில்லை என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு இது என்பதையும் நினைவில் வையுங்கள். பூட்டு வந்ததும் கதை மாறும்.

இப்போது, மேலாளர் திரை மந்தமாக இருக்கிறது என்று முகம் சுளித்தார் என்பதற்காகத் திரைக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்துப் பாருங்கள். அது ஒரே மூச்சில் 30 மில்லிவிநாடி ஓடும். அதற்குள் அழுத்தம் படிக்கும் டாஸ்க் இரண்டு மூன்று தடவை முறை தவறியிருக்கும். குழாய் அடைத்துக்கொண்டது தெரிவது தாமதமாகும். செயலியிலோ 30 சதவீதம் சும்மா கிடக்கும்.

பிரையாரிட்டி இன்வெர்ஷன் என்பது என்ன? உண்மையில் அது நடக்குமா, பாடப்புத்தக வியாதியா?

செவ்வாயில் நடந்திருக்கிறது. நாசாவின் பாத்ஃபைண்டர் 1997 ஜூலை 4 அன்று அங்கே இறங்கியது. அதில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆர்.டி.ஓ.எஸ். வானிலைத் தரவைச் சேகரிக்கத் தொடங்கிய சில நாட்களில் கணினி தானாகவே மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் செய்துகொண்டது.

நம் ஊர் அலுவலகம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஆவண அறைச் சாவி பியூனிடம் இருக்கிறது. உள்ளே ஏதோ எடுக்கப் போயிருக்கிறார். கலெக்டருக்கு அதே அறையிலிருந்து அவசரமாக ஒரு கோப்பு வேண்டும். சாவி திரும்பட்டும் என்று காத்திருக்கிறார். இடையில் குமாஸ்தாக்கள் வந்து, பியூனை நிறுத்தி, தங்கள் வேலைகளை ஒவ்வொன்றாக ஏவுகிறார்கள். பியூனைவிட அவர்கள் பெரியவர்கள், மறுக்க முடியாது. ஆக, யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே, குமாஸ்தாக்கள் கலெக்டரைக் காக்க வைத்துவிட்டார்கள். இதுதான் பிரையாரிட்டி இன்வெர்ஷன், முன்னுரிமை தலைகீழாவது.

பாத்ஃபைண்டரில் பியூன், வானிலைத் தரவைக் கையாளும் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க். சாவி, ஒரு மியூடெக்ஸ்; ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு. கலெக்டர், விண்கலத்தின் பாகங்களை இணைக்கும் தகவல் பஸ்ஸில் வரும் தரவைப் பகிர்ந்தளிக்கும் டாஸ்க். நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் பல நடுவில் புகுந்து ஓடின. பகிர்ந்தளிக்கும் வேலை குறித்த நேரத்தில் முடியவில்லை என்று கண்காணிப்பு நிரல் கண்டு, ஏதோ பெரிய கோளாறு என்று முழு அமைப்பையும் மறுதொடக்கம் செய்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த பிரதியில் அதே நிலைமையை உருவாக்கிப் பதிவுகளைப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். மியூடெக்ஸில் ஏற்கெனவே இருந்து அணைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு தேர்வை இயக்கும்படி செவ்வாய்க்குக் கட்டளை போனது, கோளாறு நின்றது.

அந்தத் தேர்வின் பெயர் பிரையாரிட்டி இன்ஹெரிடன்ஸ். சாவி கையில் இருக்கும்வரை பியூனுக்கு கலெக்டரின் அதிகாரம். எந்தக் குமாஸ்தாவும் அவரை நிறுத்த முடியாது. சாவியைத் திருப்பித் தந்ததும் பழையபடி பியூன். இதை முறையாக ஆராய்ந்து 1990இல் வந்த கட்டுரையை எழுதியவர்கள் லூயி ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி. ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் என்பதை வகுப்பில் சொல்லாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். விண்கலம் கிளம்பும் முன் நடந்த சோதனைகளிலேயே இந்த மறுதொடக்கம் தலைகாட்டியது. மறுபடி வரவழைத்துப் பார்க்க முடியாததால் தேடல் அங்கேயே நின்றுவிட்டது. ஒருமுறை வந்து மறைந்த கோளாறை மறந்துவிடுவது இத்தொழிலில் மிக மலிவாகக் கிடைக்கும் ஆபத்து.

மியூடெக்ஸும் பைனரி செமஃபோரும் ஒன்றுதானே?

தோற்றத்தில் ஒன்று: ஒருவர் எடுத்துவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். மியூடெக்ஸுக்கு உரிமையாளர் உண்டு. பூட்டியவர்தான் திறக்க வேண்டும். அதனால்தான் முன்னுரிமையை யாருக்கு உயர்த்துவது என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தெரியும். செமஃபோருக்கு உரிமையாளர் இல்லை, ஆகவே அந்தப் பாதுகாப்பும் இல்லை. பகிர்ந்த பொருளைக் காக்க மியூடெக்ஸ், இன்டரப்ட்டிலிருந்து, அதாவது வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் நிரலிலிருந்து, டாஸ்க்கை எழுப்ப செமஃபோர். இயன்றால் இரண்டும் வேண்டாம்: பொருளை ஒரே டாஸ்க்கிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றவர்கள் அதற்கு வரிசையில் செய்தி அனுப்பட்டும்.

மேலாக், அதாவது நிரல் ஓடும்போதே நினைவகம் கேட்டு வாங்கும் செயல்பாடு, பயன்படுத்தலாமா?

கருவி தொடங்கும்போது பயன்படுத்தலாம். ஓடத் தொடங்கிய பிறகு கூடாது. நினைவகத்தைக் கேட்டு வாங்கித் திருப்பித் தரும்போது நடுநடுவே இடைவெளிகள் விழும். கூட்டிப் பார்த்தால் 10 கிலோபைட் மீதமிருக்கும், ஆனால் சேர்ந்தாற்போல் 1 கிலோபைட் கிடைக்காது. அது மூன்றாம் நாள் நடக்குமா, முப்பதாம் நாள் நடக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்.டி.ஓ.எஸ். 9ஆம் பதிப்பிலிருந்து டாஸ்க், வரிசை, மியூடெக்ஸ் எல்லாவற்றையும் நிலையான நினைவகத்திலேயே உருவாக்க வழி தந்திருக்கிறது. அப்படிச் செய்தால் நினைவகம் போதவில்லை என்ற செய்தி, நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கரிலேயே வந்துவிடும். நோயாளியின் கட்டிலருகே வருவதைவிட என் மேசையில் வரட்டும்.

ஸ்டாக்குக்கு எவ்வளவு ஒதுக்குவது?

"1 கிலோபைட் போடுவோம், உடைந்தால் இரண்டாக்குவோம்" என்பதுதான் நடைமுறை. நானும் அப்படிச் செய்து பட்டிருக்கிறேன். முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், மாதக்கணக்கில் சரியாக ஓடிய ஒரு கருவி, அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அவ்வப்போது உறைந்தது. அலாரச் செய்தியில் தசம எண் ஒன்றை எழுத்தாக மாற்ற ஒரு நூலகச் செயல்பாட்டை அழைத்திருந்தேன். அது ஸ்டாக்கில் நான் நினைத்ததைப்போல் பல மடங்கு விழுங்கியது. அமைதியான நாட்களில் அந்தப் பாதைக்கே நிரல் போகாது. பிழைப் பாதைதான் ஆழமான பாதை என்று அன்றைக்குப் புரிந்தது.

இப்போது மூன்று விதமாகப் பார்க்கிறேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிடமே ஒவ்வொரு செயல்பாட்டின் ஸ்டாக் அளவையும் கேட்டு, மிக ஆழமான அழைப்புச் சங்கிலியைக் கூட்டுவது. தொடக்கத்தில் ஸ்டாக் முழுவதையும் ஒரு குறியால் நிரப்பிவிட்டு, சோதனைக்குப் பின் எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று அளப்பது. ஸ்டாக்கின் எல்லையில் எம்.பி.யு. என்ற நினைவகக் காவல் அலகைக் கொண்டு வேலி போடுவது. ரிகர்ஷன், அதாவது ஒரு செயல்பாடு தன்னையே அழைத்துக்கொள்வது, அறவே கூடாது.

இன்டரப்ட்டுக்குள் எவ்வளவு வேலை செய்யலாம்?

வந்ததைக் குறித்துக்கொண்டு, உரிய டாஸ்க்கை எழுப்பிவிட்டுக் கிளம்ப வேண்டும். இன்டரப்ட் எந்த டாஸ்க்கையும் மிதித்துக்கொண்டு ஓடும் என்பதால், முன்னுரிமைக் கணக்குக்கு வெளியே நிற்கும் ஆள் அது. பல மைக்ரோகன்ட்ரோலர்களில் இருக்கும் கார்டெக்ஸ்-எம் செயலிகளில் இன்னொரு பொறி: அங்கே இன்டரப்ட்டின் முன்னுரிமை எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை பெரியது, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸிலோ டாஸ்க்கின் முன்னுரிமை எண் பெரியதாக இருந்தால்தான் முன்னுரிமை பெரியது. இரண்டும் ஒரே கோப்பில் எழுதப்படும். இதில் ஒருமுறையாவது தடுக்கி விழாத பொறியாளரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, பலருக்குக் கடைசியில்தான் தெரியவரும்: ஃப்ளாஷ் நினைவகத்தில் பதிவேடு எழுதுவது. பல மைக்ரோகன்ட்ரோலர்களில் ஃப்ளாஷின் ஒரு பகுதியை அழித்துக்கொண்டிருக்கும்போது, அதே பகுதித் தொகுப்பிலிருந்து நிரலைப் படிக்க முடியாமல் செயலி நின்றுவிடும். பெரிய பகுதியென்றால் அது ஒரு விநாடி வரைகூடப் போகும். முன்னுரிமை எல்லாம் அப்போது செல்லாக்காசு.

வாட்ச்டாக் வைத்துவிட்டால் கவலை இல்லையே?

எங்கே தட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாட்ச்டாக் என்பது, குறித்த நேரத்துக்குள் யாராவது தட்டாவிட்டால் செயலியை மறுதொடக்கம் செய்யும் டைமர். அந்தத் தட்டலை டைமர் இன்டரப்ட்டுக்குள் வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுபவர்கள் ஏராளம். டாஸ்க்குகள் எல்லாம் உறைந்து கிடந்தாலும் இன்டரப்ட் அடித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் திருடன் பீரோவைத் திறக்கும்போது வாசலில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டிருப்பது போலத்தான்.

முக்கியமான டாஸ்க் ஒவ்வொன்றும் தன் சுற்றை ஒழுங்காக முடித்ததும் ஒரு கையொப்பம் இட வேண்டும். கண்காணிப்பு டாஸ்க் ஒன்று எல்லாக் கையொப்பங்களும் வந்தனவா, எதிர்பார்த்த எண்ணிக்கையில் வந்தனவா என்று பார்த்த பிறகே தட்ட வேண்டும். முடிந்தால், சீக்கிரமாகத் தட்டினாலும் பிழை என்று கொள்ளும் சாளர வகை வாட்ச்டாக்கை, தனிக் கடிகாரத்தோடு செயலிக்கு வெளியே வையுங்கள்.

அடுத்த கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: மறுதொடக்கம் ஆன பிறகு பம்ப் என்ன செய்ய வேண்டும்? மோட்டாரை நிறுத்துவதுதான் பாதுகாப்பான நிலை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அந்த மருந்தின் விளைவு சில நிமிடங்களில் மறைந்துவிடும். இரத்த அழுத்தம் சரியும். நின்ற பம்ப் அங்கே ஆபத்து. சத்தமின்றி நின்ற பம்ப் பேராபத்து. ஆகவே அலார ஒலிப்பானுக்குச் செயலியை நம்பாத தனிச் சுற்றும், மின்சாரம் போனாலும் சிறிது நேரம் ஒலிக்கும் அளவுக்குச் சேமிப்பும் வேண்டும். பாதுகாப்பான நிலை எது என்பதை மயக்கவியல் மருத்துவரோடும் செவிலியரோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நாம் மட்டும் கூடி முடிவு செய்யும் விஷயமல்ல அது.

நாட்கணக்கில் ஓடும் கருவியில் கடிகார எண்ணி நிரம்பிவிடாதா?

நிரம்பும். மில்லிவிநாடியை 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். நூறில் ஒரு பங்கு விநாடியைக் குறியுள்ள 32 பிட் எண்ணில் எண்ணினால் 248 நாள். 2015இல் அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் போயிங் 787 விமானங்கள் குறித்து ஓர் ஆணை பிறப்பித்தது: 248 நாட்கள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு அலகுகள் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய், விமானம் முழு மாறுமின்னோட்டத்தையும் இழக்கக்கூடும். மென்பொருள் எண்ணி ஒன்று நிரம்பி வழிவதே காரணம் என்றது ஆணை.

எண்ணி நிரம்பாமலேயே நேரம் கெடுவதும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். பத்தில் ஒரு பங்கு விநாடியை 24 பிட்டில் துல்லியமாக எழுத முடியாது. அந்தத் துளிப் பிழை சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் 0.34 விநாடியாகத் திரண்டிருந்தது.

மருந்து எளிது. "இப்போது மணி இத்தனைக்கு மேலா?" என்று ஒப்பிடாமல், "தொடங்கியதிலிருந்து கழிந்தது எவ்வளவு?" என்று குறியற்ற எண்ணில் கழித்துப் பாருங்கள், எண்ணி சுற்றி வந்தாலும் விடை சரியாக வரும். லினக்ஸ் கெர்னல் இன்னொரு தந்திரம் செய்கிறது: தன் எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்காமல், கணினி கிளம்பி ஐந்து நிமிடத்தில் நிரம்பும் இடத்திலிருந்து தொடங்குகிறது. 49ஆம் நாள் வரவிருந்த பிழை முதல் நாளே வெளியே வந்துவிடும். நானும் எங்கள் கருவிகளில் இதையே செய்கிறேன்.

சுமை அளவுக்கு மீறினால் கருவி என்ன செய்ய வேண்டும்?

எதைக் கைவிடுவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கும்போது கணினி 1202 என்ற அலாரத்தைக் காட்டியது. தேவையில்லாத நேரத்தில் ரேடார் இடைமுகம் ஒன்று கணினியின் நேரத்தைத் திருடிக்கொண்டிருந்தது. வேலைகளுக்கு ஒதுக்க இடம் தீர்ந்துவிட்டது. ஹால் லேனிங் வடிவமைத்த எக்ஸிகியூட்டிவ் என்ற மைய நிரல் முன்னுரிமைப்படி வேலைகளை நடத்தியது. அலாரம் வந்ததும் மென்பொருள் தன்னை மறுதொடக்கம் செய்து, இறக்கத்துக்கு இன்றியமையாதவற்றை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது, மற்றவற்றை உதறியது. இறங்கிவிட்டார்கள்.

பம்ப்பில் உதற வேண்டியவை திரையின் அழகுகளும் வலைத்தொடர்பும். மருந்தளவும் அலாரமும் கடைசிவரை நிற்க வேண்டும்.

மென்பொருளிலேயே எல்லாப் பாதுகாப்புப் பூட்டுகளையும் வைத்துவிட்டால் செலவு மிச்சம்தானே?

தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சைக் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஏ.இ.சி.எல். தயாரித்தது. 1985க்கும் 1987க்கும் இடையே குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு மிதமிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது, இறந்தவர்களும் உண்டு. முந்தைய மாதிரியான தெராக்-20இல் வன்பொருள் பூட்டுகள் இருந்தன. புதியதில் அவற்றை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். அதே வகைப் பிழை பழைய கருவியிலும் இருந்தது. வன்பொருள் தடுத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

உள்ளே ஓடியது அசெம்பிளி மொழியில் சொந்தமாக எழுதிய நிகழ்நேர இயங்குதளம். டாஸ்க்குகள் ஒரே மாறிகளைப் பூட்டின்றிப் பகிர்ந்துகொண்டன. கருவியை இயக்குபவர் தவறாகத் தட்டியதைச் சில விநாடிகளில் திருத்திவிட்டால், திருத்தம் திரையில் தெரியும். காந்தங்களை அமைக்கும் டாஸ்க்குக்கோ போய்ச் சேராது. இன்னோரிடத்தில் ஒரு பைட் மாறியைச் சரி, தவறு என்ற குறியாகப் பயன்படுத்தி, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள். 256ஆவது சுற்றில் அது பூஜ்யமாகும். பூஜ்யம் என்றால் "சோதிக்கத் தேவையில்லை". சரியாக அந்தத் தருணத்தில் பொத்தான் அழுத்தப்பட்டால் சோதனை நழுவும். ஒன்று கூட்டுவதற்குப் பதில் நேராக ஒரு மதிப்பை இட்டிருந்தால் அந்தப் பிழை பிறந்தே இருக்காது.

அப்படியானால் இரண்டு செயலி வைத்தால் பாதுகாப்பா?

இரண்டிலும் ஒரே நிரல் ஓடினால், பிழையும் இரண்டிலும் இருக்கும். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம் ஆகும் முன்பே சிதறியது. 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது நிரம்பி வழிந்து, வழிகாட்டும் அலகு விழுந்தது. மாற்று அலகில் அதே மென்பொருள். அதே பிழையில் அதுவும் விழுந்தது.

பிட் புரளுவது போன்ற வன்பொருள் கோளாறுகளுக்கு ஒரே நிரலை இரண்டு கோர்களில் ஓட்டி ஒப்பிடும் லாக்ஸ்டெப் முறை நல்லது. மென்பொருள் பிழைக்கு, எளிமையான வேறொரு நிரலோடு ஒரு சிறிய இரண்டாம் மைக்ரோகன்ட்ரோலரை வையுங்கள். அது மோட்டார் உண்மையில் எவ்வளவு சுழன்றது என்று மட்டும் எண்ணட்டும். கேட்டதைவிட அதிகமானால் மின்சாரத்தை வெட்டட்டும். சில நூறு வரிகளில் அடங்கும்.

சான்றிதழ் பெற்ற ஆர்.டி.ஓ.எஸ். வாங்கினால் வேலை முடிந்ததா?

பாதிகூட முடியவில்லை. சான்றிதழ் குறிப்பிட்ட பதிப்புக்கும், குறிப்பிட்ட செயலிக்கும், பல நேரம் குறிப்பிட்ட கம்பைலருக்கும்தான். உங்கள் முன்னுரிமைக் கணக்கு தவறானால் சான்றிதழ் வந்து காப்பாற்றாது. மருத்துவ மென்பொருளுக்கான ஐ.இ.சி. 62304 தரநிலை மென்பொருளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. சாவோ கடுங்காயமோ நேரக்கூடியது சி. இந்தியாவின் 2017 மருத்துவக் கருவி விதிகளும் கருவிகளை ஏ, பி, சி, டி என்று பிரிக்கின்றன. இரண்டும் வேறு வேறு ஏணிகள். ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பிக் கூட்டத்தில் அரைமணி நேரம் வாதிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

சான்றிதழுக்கு அப்பால் போனது எஸ்.இ.எல்.4 மைக்ரோகெர்னல். சுமார் 8,700 வரிச் சி நிரல், தன் வரையறைப்படியே நடக்கும் என்று 2009இல் கணித முறையில் நிரூபித்தார்கள். நிரலைவிட நிரூபணம் பல மடங்கு நீளம்.

லினக்ஸ் பயன்படுத்தலாமா?

நிகழ்நேரத் திருத்தமான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி பல ஆண்டு காத்திருப்புக்குப் பின் 2024இல் 6.12 பதிப்போடு முதன்மைக் கெர்னலில் சேர்ந்துவிட்டது. தாமதங்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. ஆனால் பல கோடி வரி நிரலின் மிக மோசமான தருணத்தை யார் தாளில் எழுதிக் காட்டுவது? தொடுதிரைக்கும் வலைத்தொடர்புக்கும் லினக்ஸ், மோட்டாருக்கும் அலாரத்துக்கும் தனி மைக்ரோகன்ட்ரோலரில் ஆர்.டி.ஓ.எஸ்.; இதுதான் என் தேர்வு. விமானத்தில் ஒரே கணினியில் பல வேலைகளைக் காலத்தாலும் நினைவகத்தாலும் சுவர் எழுப்பிப் பிரிக்க அரின்க் 653 தரநிலை இருக்கிறது. பம்ப்புக்கு இரண்டு ரூபாய்ப் பொருளைக் கூடுதலாக வைப்பதே மலிவு. (இரண்டு ரூபாய் என்பது பேச்சுக்கு.)

எந்த மொழி?

சி என்றால், அதன் ஆபத்தான பழக்கங்களைத் தடுக்கும் மிஸ்ரா விதிகளோடு. அடா தெரிந்த குழு இருந்தால் அது பொன். ரஸ்ட் வளர்ந்து வருகிறது. தெரியாத மொழியில் கெடுவோடு கற்றுக்கொண்டே எழுதுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கடைசியாக, எந்த ஆர்.டி.ஓ.எஸ்.?

இக்கேள்வி முதலில் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மேலே உள்ளவற்றுக்கு விடை எழுதிய பிறகு மிஞ்சுவது சில அளவுகோல்கள்தான்: பத்துப் பதினைந்து ஆண்டு ஆதரவு கிடைக்குமா, உங்கள் செயலியில் எம்.பி.யு. ஆதரவோடு ஓடுகிறதா, எல்லாவற்றையும் நிலையான நினைவகத்தில் வைக்க முடியுமா, கெர்னலின் மூலநிரலை உங்கள் குழுவில் ஒருவராவது முழுதாகப் படித்திருக்கிறாரா. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மையக் கோப்புகளை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். அந்த ஒன்றுக்காகவே அதைக் கற்பிக்க எடுத்துக்கொள்கிறேன். செஃபிர் பெரிது, டிரைவர்கள் நிறைய. விஎக்ஸ்வொர்க்ஸ், கியூஎன்எக்ஸ் போன்றவற்றுக்குப் பணம் கொடுத்தால் சான்றிதழ் ஆவணங்களும் சேர்ந்து வரும்.

கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

மலிவான ஒரு கார்டெக்ஸ்-எம் பலகையை எடுத்து, மூன்று டாஸ்க் எழுதுங்கள். தாழ்ந்தது பூட்டைப் பிடிக்கட்டும். உயர்ந்தது அதே பூட்டுக்குக் காத்திருந்து, கிடைத்ததும் ஓர் எல்.இ.டி.யை மிளிரச் செய்யட்டும். நடுவிலுள்ளது சற்று நேரம் தூங்கி எழுந்து, பின் ஓயாமல் ஓடட்டும். பூட்டாக பைனரி செமஃபோரைப் போட்டால், நடு டாஸ்க் எழும்போது சாவி பியூன் கையில் இருந்துவிட்டால், எல்.இ.டி. அதோடு நின்றுவிடும். அந்த ஒரே வரியை மியூடெக்ஸாக மாற்றி மறுபடி ஏற்றிப் பாருங்கள். குமாஸ்தா எவ்வளவு ஓடினாலும் விளக்கு மிளிர்ந்துகொண்டே இருக்கும்.